வைராக்கியமும் மருந்தும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தை ஒட்டிய மாநில எல்லை 1956 நவம்பர் 1-இல் வகுக்கப்பட்டது. அதன் பின்னரும் எல்லைக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் பிரியவில்லை. ‘ஊர் என்ன சொல்லுமோ’ என்ற அச்சமும் எல்லை அறியாததே. கருவுற்ற பெண் ஒருத்தி அபின் வகைப் போதைக்கு அடிமைப்பட்டிருப்பின், அவ்வச்சம் அவளை மருத்துவரிடமிருந்தே மறைத்துவிடுகிறது.

‘வயிற்றுப் பிள்ளைக்காகவாவது விட்டுவிடக் கூடாதா?’ என்று சுற்றத்தார் கேட்பர். வைராக்கியத்தைப் போற்றும் மரபில் இக்கேள்வி இயல்பானது. ஆயினும் ஹெராயினும், வலிநீக்கி மாத்திரைகளுள் சிலவும் மூளையின் இயக்கத்தையே மாற்றிவிடுகின்றன. மருத்துவ உதவியின்றித் திடீரென நிறுத்தினால் தாய் துன்புறுவாள். கருவுக்கும் ஆபத்து நேரலாம். மீண்டும் பழக்கத்தில் வீழும் வாய்ப்பும் மிகுதி. எனவேதான் உலக சுகாதார நிறுவனம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், போதையை முறித்து நிறுத்தும் சிகிச்சையைவிட, மெத்தடோன் அல்லது புப்ரெனார்பின் மருந்தை மருத்துவக் கண்காணிப்பில் தொடர்வதையே பரிந்துரைத்தது. பிறந்த குழந்தையிடம் அழுகை, நடுக்கம் போன்ற குறிகள் தோன்றலாம். அவை சிகிச்சைக்குக் கட்டுப்படுபவை.

போதையின் பின்னால் பெரும்பாலும் ஒரு மனத்துயர் நிற்கிறது. மனச்சோர்வு, பதற்றம், முன்பு அனுபவித்த வன்முறையின் வடு ஆகியவற்றைத் தணிக்கவே பலர் போதையை நாடுகின்றனர். போதையோ அவற்றையே வளர்க்கிறது. ஆதலால் ஒன்றைக் கவனித்து மற்றொன்றை விடுவது அரைகுறைச் சிகிச்சையே. மகப்பேறு மருத்துவரும் மனநல மருத்துவரும் இணைந்து கவனிக்க வேண்டிய நிலை இது. மனநல மருந்துகளையும் தானாக நிறுத்தலாகாது. கருக்காலத்துக்கு ஏற்றவற்றை மருத்துவரே தேர்ந்தளிப்பார்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோயில் சேர்க்கிறது. சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கலாகாது என்றும் கூறுகிறது. கேரள அரசின் ‘விமுக்தி’ இயக்கம் நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனையில் போதை மீட்பு மையத்தை அமைத்தது. 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-இல் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

வழி இருக்கிறது, வழியில் நிற்பது நம் தீர்ப்பே. தாயைத் தண்டித்துச் சேயைக் காத்தல் இயலாது, ஏனெனில் பிறக்கும்வரை இருவருக்கும் உடல் ஒன்றே. வெட்கத்தை விலக்கி மருத்துவமனைப் படியேறுவதும், மறுமுறையும் தவறாது வருவதுமே அவளுடைய வைராக்கியம். பழி கூறாமல் அவளுடன் அப்படியேறுவதே சுற்றத்தாரின் தர்மம்.