தவணைத் தேதியும் பிறரன்பும்

விதி என்பது சுதந்திரத்திற்குப் பகையா? இவ்வினாவிற்கு விடை காண, அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூவிருந்தவல்லியிலோ உள்ள கிளை நூலகத்தினுள் சற்று நேரம் அமர்ந்தால் போதும்.

இடைக்கால ஐரோப்பாவில் ஆலயங்களிலும் மடங்களிலும் நூல்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தன. நூல் காக்கப்பட்டது, அதை இல்லத்திற்கு எடுத்துச் செல்லும் உரிமை வாசகனுக்கு இல்லை. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்பாட்டிற்கே என்பதாகும். சங்கிலி இருந்த இடத்தில் இன்று இருப்பது தவணைத் தேதி. இரும்பு செய்த வேலையை நம்பிக்கை செய்கிறது. நமக்குப் பின் காத்திருக்கும் முகமறியாத ஒருவரின் உரிமையை அத்தேதி நினைவூட்டுகிறது. உடைமை தனிப்பட்டதாயினும் அதன் பயன் பொதுவானது என்ற புனித தோமஸ் அக்குவினாஸின் போதனை இங்கே அன்றாட ஒழுக்கமாகிறது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு நாம் செலுத்தும் நூலக வரியும் இத்தகைய பகிர்வே.

எனினும், இரவுப் பணி முடித்து வந்த தொழிற்பேட்டைத் தொழிலாளி ஒருவர் நாளிதழின்மீது தலை சாய்த்து உறங்கிவிட்டால், விதியைக் காட்டி அவரை வெளியேற்றலாமா? இருக்கைக்காக ஒருவர் காத்து நின்றால் அவரை எழுப்புவது நீதி. இருக்கைகள் வெறுமையாய்க் கிடக்கையில் எழுப்புவதோ, விதியைக் காத்து மனிதனை இழப்பதாகும். ஓய்வுநாள் குறித்து இயேசு பரிசேயருக்கு உணர்த்தியதும் இதுவே அன்றோ!

விதியைப் பற்றிக்கொள்ள வேண்டிய வேளையையும் தளர்த்த வேண்டிய வேளையையும் ஒரே கேள்வி தெளிவாக்கும்: இதனால் அடுத்தவருக்கு இடம் கிடைக்கிறதா, பறிபோகிறதா?

நம் இல்லத்து அலமாரியில் தவணை கடந்த நூல் ஏதேனும் இருக்கிறதா? அதை யாரோ ஒருவர் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.