காதால் கண்ட கல்யாணம்

பத்ராசலத்தில் ராமன் சீதைக்குத் தாலி கட்டுவதை நான் முதலில் கண்டது காதால்தான். செகந்திராபாத் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் ஸ்ரீராம நவமியன்று எங்கள் மர்ஃபி ரேடியோவுக்கு அம்மா சந்தனம், குங்குமம் இட்டு, ஒரு முழம் மல்லிகையும் சாற்றிவிடுவாள். பானகம், வடைப்பருப்பு நைவேத்தியமும் அதன் முன்னால்தான். உள்ளேயிருந்து உஷஸ்ரீ பேசுவார்.

உஷஸ்ரீ என்பது புனைபெயர். இயற்பெயர் புராணபண்ட சூர்யபிரகாச தீட்சிதுலு. 1928இல் மேற்கு கோதாவரிப் பக்கம் பிறந்தவர். 1960களில் ஹைதராபாத் ஆகாசவாணியில் பணிக்கு வந்து, 1970களில் விஜயவாடா நிலையத்துக்கு மாறிப் போனார். ராமாயணம், மகாபாரதம் என்று அவர் செய்த உபன்யாசங்களுக்கும், நேயர்களின் கேள்விகளுக்கு விடை சொன்ன 'தர்மசந்தேகாலு'வுக்கும் ஆந்திர தேசமே காது கொடுத்தது. என்னை ஆட்கொண்டதோ பத்ராசலக் கல்யாணத்துக்கு அவர் செய்த நேர்முக வர்ணனை.

அதே பெட்டியில்தான் 1975 மார்ச் 15 அன்று கோலாலம்பூர் உலகக் கோப்பை ஹாக்கி இறுதியாட்டத்தையும் கேட்டோம். ஜஸ்தேவ் சிங்கின் இந்தி வர்ணனை. பாகிஸ்தானை 2-1 என்று வென்றபோது தெருவே துள்ளியது. மாபெரும் கலைஞர் அவர். ஆனால் ஹாக்கியில் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. படபடப்பு தானே வரும். கல்யாணத்தில் அடுத்து நடக்கப்போவது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ராமன்தான் தாலி கட்டப் போகிறான், சீதைக்குத்தான் கட்டப் போகிறான். தெரிந்த அந்த ஒன்றுக்காகவே லட்சம் பேரை மூச்சடக்கிக் காத்திருக்க வைத்தாரே உஷஸ்ரீ, அது கற்று வருவதில்லை. அருள்.

அபிஜித் முகூர்த்தம் நெருங்கும். மணமக்கள் தலையில் சீரகமும் வெல்லமும் வைத்தாயிற்று என்பார் உஷஸ்ரீ. அந்தக் கம்பீரக் குரலில் ஒரு குழைவு சேரும். "எழுந்து நில்லுங்கோ எல்லாரும், மாங்கல்யதாரணம்!" என்பாள் அம்மா. அப்பா மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்புவார். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் ஈரக்கையோடு ஓடிவந்து நிலைப்படியில் நிற்பார். கெட்டிமேளம் முழங்க, உஷஸ்ரீயின் குரலும் அதன்மேல் ஏற, நாங்கள் பெட்டியின்மேல் அட்சதை போடுவோம். ராமா! எங்கோ கோதாவரிக்கரையில் நீ வீற்றிருக்க, இங்கே எங்கள் கூடத்தில் உன் திருமேனி ஒளிவிட்டது. வாமாங்கத்தில் சீதை அமர்ந்த அந்தக் கோலத்தை வெறும் சொல்லிலேயே கண்டு அழுதோம். பின்னொரு நாள் ரேடியோவைப் பழுதுபார்க்கத் திறந்தவர், உள்ளே வால்வுகளுக்கு நடுவே மஞ்சளரிசியைப் பார்த்துத் திகைத்துப் போனார். அம்மா அதை ஒன்று விடாமல் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஹைதராபாத்துக்கும் அந்தக் கல்யாணத்துக்கும் உறவு பழையது. முத்துத் தலம்பிராலு என்னும் முத்து அட்சதையை அனுப்பும் வழக்கம், 1672 முதல் 1686 வரை கோல்கொண்டாவை ஆண்ட தானாஷாவிடமிருந்து வந்தது என்பார்கள். இன்றும் மாநில அரசு முத்தும் பட்டும் அனுப்புகிறது. அரசு வரிப்பணத்தில் ராமனுக்குக் கோயில் எழுப்பியதற்காக அதே தானாஷா காலத்தில் சிறைப்பட்டவர்தான் கஞ்சர்ல கோபண்ணா, நம் பஜனை மடங்களில் நாம் உருகிப் பாடும் பத்ராசல ராமதாஸர். திருவையாற்றுத் தியாகையர் 'க்ஷீரஸாகர சயன' கீர்த்தனையில் நினைந்து போற்றுபவரும் அவரே.

கோல்கொண்டாவில் அந்தச் சிறையறைக்குள் நின்றிருக்கிறேன். கல்லும் இருட்டும்தான். சுவரில் அவர் கையால் செதுக்கியதாகச் சொல்லப்படும் ராமன், சீதை, லட்சுமணன், அனுமன். அனுமனின் மார்பைத் தொட்டேன். கல் குளிர்ந்திருந்தது, உடம்பெல்லாம் சிலிர்த்தது. தான் கட்டிய கோயிலின் உற்சவத்தை இங்கிருந்து அவர் எப்படிக் கண்டிருப்பார்? பாடித்தான் கண்டிருப்பார். வாய் சொல்லச் சொல்ல ராமன் வந்து நின்றிருப்பான்.

அசோகவனத்திலும் நடந்தது இதுதானே! சிம்சுபா மரத்தின் இலைமறைவில் இருந்தபடி அனுமன் முதலில் ராமகதையைத்தான் சொன்னான். ஆளைக் காணுமுன் சீதை கேட்டது குரலை. உயிரை விடத் துணிந்தவளை அந்தக் குரல் நிறுத்தியது. முகம் காட்டாத ஒரு குரலில் ராமன் வருவான் என்பதற்கு வால்மீகியே சாட்சி. உஷஸ்ரீயின் முகத்தை நான் நேரில் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டுமென்று தோன்றியதும் இல்லை.

1990 செப்டம்பர் 7 அன்று அவர் ராமனடி சேர்ந்தார். அவருடைய ராமாயண ஒலிப்பதிவுகள் இணையத்தில் இன்றும் கிடைக்கின்றன. தெலுங்கு தெரியாதே என்று தயங்காதீர்கள். ராமகதை தெரிந்த காதுக்கு அந்தக் குரல் தானே விளங்கும். வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, சுந்தர காண்டத்திலிருந்து தொடங்குங்கள்.