கசியாத காற்று

பழைய கான்சர்டினாவைக் கையில் எடுப்பவர்கள் முதலில் சொல்லும் குறை, "சத்தமே வரலையே" என்பதுதான். உடனே இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்திப் பார்ப்பார்கள். சுரம் வளராது, காற்று மட்டும் எங்கேயோ சீறும்.

இந்தக் கருவியைப் பார்த்திராதவர்கள் ஆர்மோனியத்தை நினைத்துக்கொள்ளலாம். அதே உலோக நாக்குகள், அதே துருத்தி. ஆனால் இரண்டு கைகளுக்கு நடுவே அடங்கிவிடும் அறுகோணப் பெட்டி. பள்ளியில் 'வீட்ஸ்டோன் சமனச்சுற்று' என்று ஒரு பாடம் படித்தோமே, அந்தப் பெயருக்குரிய சார்லஸ் வீட்ஸ்டோன்தான் இதையும் உருவாக்கியவர். வாயால் ஊதும் ஒரு சிறு கருவிக்கு அவர் 1829இல் லண்டனில் காப்புரிமை பெற்றார். அதற்குத் துருத்தி பொருத்தியபோது கான்சர்டினா பிறந்தது. மூச்சு நெஞ்சிலிருந்து கைக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

அவருடைய வகையில் பொதுவாக 48 பொத்தான்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாக்குகள்: அழுத்தும்போது ஒன்று பேசும், இழுக்கும்போது மற்றது. ஆக 96. பேசாத நாக்கின் வழியே காற்று போய்விடாதபடி மெல்லிய தோல் துண்டு ஒன்று அதன் வாயை மூடிக்கொள்ளும். நூறு வருடத்தில் அந்தத் தோல் விறைத்துச் சுருண்டுவிடுகிறது. மரப்பலகை வற்றுகிறது. பொத்தானுக்குக் கீழே துளையை மூடும் தோல்மெத்தை தேய்கிறது. துருத்தியின் மடிப்பு முனைகளில் ஊசிமுனை அளவு ஓட்டைகள் விழுகின்றன. ஒன்றும் பெரிய சேதமில்லை. ஆனால் காற்று இத்தனை வழிகளில் பிரிந்து போனபின், நாக்கைத் தொட மிச்சம் என்ன இருக்கும்?

சித்தர்கள் இந்த உடம்பைத் துருத்தி என்றது சும்மாவா? நாமும் ஜெபத்தில் உட்கார்ந்து, ஒன்றும் கூடிவரவில்லை என்றால், இன்னும் அழுத்துகிறோம். நூற்றெட்டை ஆயிரத்தெட்டு ஆக்குகிறோம். நேற்றுப் பேசிய கோபம் ஒரு பக்கம், நாளை கட்டவேண்டிய தவணை ஒரு பக்கம் என்று காற்று போய்க்கொண்டே இருக்கிறது.

பழுதுபார்ப்பவர் அழுத்துவதில்லை. விளக்கை அணைத்துவிட்டு, துருத்திக்குள் ஒரு சிறு பல்பை ஏற்றிவைத்துப் பார்க்கிறார். ஓட்டைகள் நட்சத்திரங்களாகத் தெரிகின்றன. உள்ளிருந்து, மெல்லிய தோலை ஒட்டி ஒவ்வொன்றாக அடைக்கிறார். மரம் வற்றி நாக்குச் சட்டம் தளர்ந்திருந்தால், பக்கத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகுகிறார். ஒரு சுரம் ஊமையாகிவிட்டதா, பெரும்பாலும் தூசிதான் காரணம். மெல்லிய தாளை நாக்கின் அடியில் நுழைத்து இழுத்தால், எத்தனையோ வருட மௌனம் கலைந்துவிடுகிறது.

இத்தனை வழிகளை அடைப்பவர் ஒன்றை மட்டும் அடைப்பதில்லை. நாக்கின் நுனி, சட்டத்தைவிட்டுத் துளி மேலே தூக்கி நிற்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் சுரம் பிறக்கிறது. ரொம்பத் தாழ்ந்தால், பலமாக அழுத்தும்போது நாக்கு திணறி நின்றுவிடும். ரொம்ப உயர்ந்தால் காற்றை விழுங்கிவிட்டுத் தாமதமாகப் பேசும். ஓரங்களிலோ, உரசாமல் எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கியிருக்க வேண்டும். தலைமுடி நுழையாத நெருக்கம். நல்ல கைகள் செய்த கருவி சின்ன மூச்சுக்கே உரக்கப் பாடுவது இதனால்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கர்ப்பக்கிருகத்தின் குறுகிய வாசல்தான் கண்முன் வரும். மற்ற மூன்று பக்கமும் சுவர்.

உலோகத்திலும் விஷயம் இருக்கிறது. பித்தளை நாக்கு மென்மையாகப் பேசும், எஃகு துலக்கமாக. இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பின் பிரசங்கிகள் லண்டன் தெருமுனைகளில் வண்டிச் சத்தத்துக்கும் கேலிக்கும் நடுவே கான்சர்டினாவை ஏந்திப் பாடினார்கள். அவர்களுக்குத் துலக்கம் வேண்டியிருந்தது. வீட்டுக் கூடத்தில் வாசித்தவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. பூவேலைப்பாடு செய்த பக்கப்பலகைக்குப் பின்னால் மெல்லிய மரத்தகடு ஒன்றைச் சில கருவிகளில் காணலாம். ஒலியின் கூர்மையைத் தணிப்பதற்காகவே வைத்தது. அதைக் கழற்றினால் சத்தம் கூடும். கழற்றத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. முன்பு எவரோ, பக்கத்து அறையில் தூங்கும் குழந்தையை நினைத்து அதை விட்டுவைத்திருக்கலாம். நானாக இருந்தால் தொடமாட்டேன்.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை உண்டு. ஒரு பக்கத்தின் கைவாரைப் பிடித்து, பொத்தான் எதையும் தொடாமல், கருவியைத் தொங்கவிடுவார்கள். மறுபக்கம் தன் பாரத்தால் கீழே இறங்கும். கசிவு இருந்தால் சட்டென்று விழும். இல்லாவிட்டால் மடிப்புகள் ஒவ்வொன்றாக, வெகு மெதுவாக விரியும். இந்தக் கருவி காற்றை எவ்வளவு கசியாமல் வைத்திருக்கிறது என்று ஒரு சுரம்கூட எழுப்பாமல் பழுதுபார்ப்பவர் தெரிந்துகொள்கிறார். அறையில் சத்தம் எதுவும் இல்லை. துருத்தி இறங்கிக்கொண்டிருக்கிறது.