காட்டாது நிறுவுதல்

ஒருவன் தன் கூற்று மெய்யென நிறுவுவதற்குத் தன்னைப் பற்றி எவ்வளவைப் பிறர்க்குத் திறந்து காட்டல் வேண்டும்? அறவியலில் இவ்வினா அதிகம் ஆராயப்பட்டதெனக் கூறுதற்கில்லை. வாய்மையைக் கடமையென வற்புறுத்தாத ஒழுக்க மரபு யாதுமில்லை. ஆயின் பொய் கூறாதிருத்தல் வேறு, உள்ளதனைத்தையும் உரைத்தல் வேறு. இவ்வேறுபாட்டுக்குக் கணிதம் இன்று திட்டவட்டமான வடிவமொன்றை அளித்துள்ளமையால், வினாவை மீண்டும் எழுப்புதல் பொருத்தமாகும்.

நம் நாட்டவர்க்குப் பழக்கமான பொருளொன்றை முதலில் நோக்குவோம். 1972 முதல் வழங்கப்பட்டுவரும் தேசிய அடையாள அட்டையின் பழைய இலக்கத்தில், முதலிரு எண்கள் பிறந்த ஆண்டையும் அடுத்த மூன்றும் அவ்வாண்டில் பிறந்த நாளையும் சுட்டும். பெண்ணாயின் அந்நாளெண்ணுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். எனவே இலக்கத்தை மட்டும் சொன்னவரும் தம் வயதையும் பாலையும் சொன்னவராகின்றார். அட்டையோ பிறந்த இடத்தையும் சேர்த்துக் காட்டும். போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் அவ்வோர் ஊர்ப்பெயரே ஐயத்துக்குப் போதுமானதாயிற்று. 2007 ஜூன் 7 ஆம் திகதி, தங்கியிருப்பதற்குத் தக்க காரணம் காட்டவில்லையெனக் கூறிக் கொழும்பு விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. வினவப்பட்டது ஒன்றாகவும் அறியப்பட்டது பலவாகவும் இருக்கும் நிலையில் விளையும் தீங்கு எத்தகையது என்பதை இந்நாடு நன்கறியும்.

வினவியதற்கு மாத்திரம் விடையளித்து, எஞ்சியதை வெளிவிடாது நிறுவுதல் இயலுமா? ஷாபி கோல்ட்வாசர், சில்வியோ மிக்காலி, சார்ள்ஸ் ரக்கோவ் ஆகிய மூவரும் 1985 இல் வெளியிட்ட ஆய்வில் இயலும் எனக் காட்டினர். அதனையே பூச்சிய அறிவு நிறுவல் என்கிறோம். கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனையை வைத்து இதனை விளக்கலாம். தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் இரு நூற்கழிகள் வெவ்வேறு தரத்தன என்கிறார் நெசவாளர். வாங்க வந்தவருக்கோ வேறுபாடு புலப்படவில்லை. அவர் கழிகளை முதுகுப்புறம் மறைத்து, விரும்பினால் கைமாற்றி, விரும்பாவிடின் மாற்றாது நீட்டி, மாற்றினேனா என வினவுகிறார். நெசவாளர் தொட்டுப் பார்த்து விடை கூறுகிறார். ஊகத்தால் ஒருமுறை சரியாகச் சொல்லலாம். இருபது முறையும் ஊகத்தாலேயே சரியாகச் சொல்லும் வாய்ப்புப் பத்து இலட்சத்தில் ஒன்றிலும் குறைவு. ஈற்றில் வாங்குபவர் கழிகள் வேறானவை என நம்புகிறார். அவ்வேறுபாட்டை விரல் எவ்வாறு உணர்ந்தது என்பதை மட்டும் அவர் அறிந்திலர். நம்பிக்கை பிறந்தது, தொழில் நுட்பம் கைமாறவில்லை.

பிளொக்செயின் எனப்படும் பொதுப் பேரேட்டில் இதன் பயன் பெரிது. 2009 இல் இயங்கத் தொடங்கிய பிற்கொயினில் கொடுக்கல் வாங்கல் ஒவ்வொன்றும் எவரும் பார்க்கத்தக்கதாய்ப் பதிவாகின்றது. பெயருக்குப் பதிலாக முகவரி எண்ணே இருப்பினும், அவ்வெண் இன்னாருடையது என ஒருமுறை தெரிந்துவிடின் அவரது கணக்கு முழுவதும் வெட்டவெளியாகும். மேலும், ஒவ்வொரு பதிவையும் வலையமைப்பின் கணினிகள் பலவும் தனித்தனியே சரிபார்ப்பதால், செக்கனுக்கு ஏறத்தாழ ஏழு பதிவுகளே அதிற் கைகூடுகின்றன. 2016 இல் தோன்றிய சீகாஷ், அனுப்புநர், பெறுநர், தொகை ஆகிய மூன்றையும் மறைத்தே கணக்குச் சரியென நிறுவ வழிசெய்தது. பின்னர், ஆயிரக்கணக்கான பதிவுகளைப் பேரேட்டுக்கு வெளியே கணித்து, அவை யாவும் சரியென்பதற்குச் சிறு நிறுவலொன்றை மட்டும் பேரேட்டில் இடும் முறை வளர்ந்தது. இதனால் வேலைப்பளு பெரிதும் குறைகின்றது. எனினும் சுருக்கும் நோக்குடன் இடப்படும் நிறுவல் எப்போதும் மறைப்பையும் தருமெனக் கொள்ளலாகாது. இரண்டும் ஒரே கணிதத்தின் வெவ்வேறு பயன்கள்.

இது வெறும் பணச்சந்தை விவகாரமன்று. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையால் இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனைக் கரையும் தப்பவில்லை. வீட்டோடு ஆவணங்களையும் கடல் கொண்டுபோன ஒருவர் தம் இழப்பைப் பிறர்முன் நிறுவியே நிவாரணம் பெற வேண்டியிருந்தது. 2017 இல் ஜோர்தானின் அஸ்ரக் முகாமில் சிரிய அகதிகள் தம் கண்ணின் கருவிழிப் படலத்தைக் கருவிக்குக் காட்டி உணவுப்பொருள் பெற்றனர். உலக உணவுத் திட்டம் அக்கணக்கைப் பிளொக்செயினில் வைத்தது. பசித்தவன் உணவுக்கு ஈடாக உடலின் அடையாளத்தையே ஒப்படைத்தல் நியாயமா? "நான் பட்டியலில் உள்ளவன், இம்மாதப் பங்கை இன்னும் பெறாதவன்" என்னும் இரண்டையும் பெயர் கூறாது நிறுவும் வழியை இக்கணிதம் திறந்துவிட்டது. தருமத்தை மறைவாக வறியவர்க்குக் கொடுத்தல் சிறந்ததெனக் குர்ஆன் போதிக்கும். வாங்குபவரின் மானம் காக்கப்படவேண்டும் என்னும் அவ்வுணர்வு ஸகாத் வழங்கும் நம் ஊர்களுக்குப் புதியதன்று.

ஆயினும் இரு தடைகளை எண்ணாது விடலாகாது. முதலாவது, மறைப்பு குற்றவாளிக்கும் உதவும். இம்முறையில் இயங்கிய டோர்னாடோ காஷ் மீது, களவாடப்பட்ட பணம் அதனூடாகச் சலவை செய்யப்பட்டதெனக் கூறி அமெரிக்கத் திறைசேரி 2022 இல் தடை விதித்து, 2025 இல் அதனை நீக்கியது. இரண்டாவது, நிறுவல் பட்டியலோடு பொருந்துமேயன்றிப் பட்டியலைத் திருத்தாது. தொடக்கத்திலேயே விடுபட்ட விதவைக்கு எக்கணிதமும் பங்கு பெற்றுத்தர மாட்டாது. அவளுக்காகப் பேச மனிதரே வேண்டும்.

எனவே சிக்கல் ஈற்றில் வினவுபவரிடமே வந்து நிற்கின்றது. இதுகாறும் முழு ஆவணத்தையும் கேட்டோர், பகுதியைப் பிரித்து நிறுவ வழியில்லை என அமைதி கூறினர். அவ்வமைதி இனிச் செல்லாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தரவைக் குறித்த நோக்கத்துக்கு உட்படுத்தல் வேண்டும் என்கிறது. குற்றத்தை விசாரிக்கும் நீதிமன்றம் கூடுதலாக அறிய உரிமையுடையது. அரிசி அளப்பவருக்கு அவ்வுரிமை இல்லை. தேவைக்கு மேல் வினவுதல் இதுவரை விழிப்பு எனவும் நிர்வாகத் திறமை எனவும் மதிக்கப்பட்டுவந்துள்ளது. வேறு வழி உண்டென அறிந்த பின்னும் அவ்வாறு வினவுதலை ஓர் அறப் பிழையெனவே கருதல் வேண்டும்.