நிறம் காணாத கடை

விற்பவரும் வாங்குபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாத கடை ஒன்று இருக்குமானால், அங்கே நிறவேற்றுமைக்கு இடமிருக்குமா? ‘இராது’ என்று விடை கூறவே நம் உள்ளம் விரையும். கண் காணாததை மனம் எவ்வாறு வெறுக்கும்? இணையவழி வணிகம் பெருகியுள்ள இந்நாளில், ஓர் அறையில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று பேர் நடத்தும் சிறு கடைகள் உலகெங்கும் எண்ணிறந்தன. அவற்றை நடத்துவோரில் பெரும்பாலோர் நல்லெண்ணம் உடையவர்களே. ‘எங்கள் கடைக்கு நிறம் தெரியாது’ என்று அவர்கள் கூறும்போது அதில் பொய் இல்லை. ஆயினும் அந்தத் தெரியாமை போதுமா என்பதே நாம் இங்கே எண்ணிப் பார்க்க விரும்புவது.

காணாமை நன்மை விளைத்த காலமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின உழவர்கள் தம் ஊர்க் கடையையே நம்பி வாழ்ந்தனர். வெள்ளையர் வாங்கிச் சென்ற பின்னரே அவர்களுக்கு முறை வரும். எதை வாங்கலாம், எவ்வளவு கடன் பெறலாம் என்பதைக் கடைக்காரரே முடிவு செய்வார். அந்நிலையில் சியர்ஸ் போன்ற நிறுவனங்கள் அஞ்சலில் அனுப்பிய தடித்த விலைப்பட்டியல் நூல் அவர்கள் குடிசைகளையும் எட்டியது. 1896இல் தொடங்கிய கிராமப்புற அஞ்சல் பட்டுவாடா அதற்குத் துணை நின்றது. நூலில் அச்சிட்ட விலை எல்லாருக்கும் ஒன்றே. கடிதத்தில் நிறம் தெரியாது. எவர் முன்னும் தலைகுனிந்து நிற்காமல் ஓர் உழவர் தமக்கு வேண்டிய சட்டையைத் தாமே தேர்ந்துகொள்ள முடிந்தது. அது சிறிய செய்தியன்று.

இணையம் வந்தபோது அந்த நன்மை உலகளவில் விரியும் எனப் பலர் நம்பினர். ஆனால் திரை வந்ததும் படமும் உடன் வந்துவிட்டது. 2013இல் வெளியான ஓர் ஆய்வு நம் சிந்தனைக்குரியது. இரு பொருளியல் அறிஞர்கள் அமெரிக்காவின் பல ஊர்களில், இணைய விளம்பரப் பக்கங்களில், ஐபாட் என்னும் பாட்டுக் கேட்கும் கருவியை விற்பனைக்கு வைத்தனர். கருவி ஒன்றே; படத்தில் அதைப் பிடித்திருந்த கை மட்டும் வேறு. சில படங்களில் வெள்ளைக் கை, சில படங்களில் கறுப்புக் கை. கறுப்புக் கைக்கு வந்த மறுமொழிகள் 13 விழுக்காடு குறைந்தன. விலை பேச முன்வந்தோர் 17 விழுக்காடு குறைந்தனர். முகமும் தேவைப்படவில்லை, பெயரும் தேவைப்படவில்லை. ஒரு கையே போதுமானதாயிற்று.

இன்னும் நம்மைச் சிந்திக்க வைப்பது ஏர்பிஎன்பி நிறுவனத்தின் வரலாறு. இன்று பெரிதாக வளர்ந்துள்ள அந்நிறுவனம், 2007இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் இரு இளைஞர்கள் தம் வாடகை வீட்டில் காற்றடைத்த மெத்தைகளை விரித்து, வெளியூராருக்குத் தங்க இடம் தந்ததில் பிறந்தது. அறியாதவரை வீட்டில் தங்க வைக்க நம்பிக்கை வேண்டும். நம்பிக்கை வளரப் பெயரும் நிழற்படமும் உதவும். எனவே தங்க விரும்புவோரின் பெயரும் படமும் வீட்டாருக்கு முன்கூட்டியே காட்டப்பட்டன. இதில் தீய நோக்கம் எங்கே? ஆனால் 2017இல் வெளியான ஆய்வொன்று, ஐந்து நகரங்களில் ஏறத்தாழ 6,400 வீடுகளுக்குக் கற்பனைப் பெயர்களில் வேண்டுகோள் அனுப்பிப் பார்த்ததைக் கூறிற்று. வெள்ளையருக்குரிய பெயர்களுக்கு 100க்கு 50 இசைவு கிடைத்தது. கறுப்பினத்தாருக்குரிய பெயர்களுக்கு 42 மட்டுமே. வீட்டார் இசைவு தந்த பின்னரே விருந்தினரின் படம் காட்டப்படும் என்று 2018இல் நிறுவனம் தன் விதியை மாற்றிக்கொண்டது.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது? நிறுவியவர் உள்ளத்தில் வெறுப்பு இல்லாதிருந்தும், அவர் கட்டிய அமைப்பு பிறருடைய வெறுப்புக்கு வாயில் திறந்துவிடக்கூடும். நல்லெண்ணம் மனத்தில் இருக்கிறது. நீதியோ வேலை நடக்கும் முறையில் இருக்க வேண்டியுள்ளது. கடை சிறிதாயிருக்கும்போது ஒரு மாலைப்பொழுதில் எடுக்கும் முடிவு, கடை வளர்ந்தபின் இலட்சக்கணக்கானோரின் வாழ்வைத் தொடுகிறது. ஈரச் சுவரில் பதிந்த கைத்தடம் காய்ந்தபின் எளிதில் அழிவதில்லை அன்றோ?

அப்படியானால் எல்லாவற்றையும் மறைத்துவிடுவதே நீதியாகுமா? அதுவும் அன்று. கிரயோலா என்னும் அமெரிக்க நிறுவனம் செய்த வண்ண மெழுகுக் குச்சிகளில் வெளிறிய ஒரு நிறத்துக்குத் ‘தசை நிறம்’ என்று பெயர் இருந்தது. குடியுரிமை இயக்கம் எழுந்த காலத்தில், 1962இல், அப்பெயரைப் ‘பீச்’ என்று மாற்றினர். பெயர் வைத்தவர் எவரையும் இழிவுபடுத்த எண்ணியிருக்க மாட்டார். தம் தோலையே மனிதத் தோல் என்று கருதிவிட்டார். பிறர் தோல் அவர் நினைவுக்கு வரவில்லை. அந்த நிறத்தையே நம் தமிழ்ப் பிள்ளைகளும் இன்றுவரை ‘ஸ்கின் கலர்’ என்று கேட்டு வாங்கித் தாள்களில் தீட்டுகின்றனர். அக்குச்சியைப் பற்றியிருக்கும் விரல்களோ மாநிறம். முகப்பூச்சு வணிகத்தில் நெடுங்காலம் கருமேனிப் பெண்கள் தமக்கேற்ற வண்ணம் கிடைக்காமல் திரும்பினர். 2017இல் பாடகி ரிஹானா தொடங்கிய நிறுவனம் முதல் நாளிலேயே 40 வண்ணங்களில் பூச்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிற நிறுவனங்களும் தம் வண்ணங்களைப் பெருக்கின. இங்கே நீதி பிறந்தது காணாமையால் அன்று, கூர்ந்து கண்டதால்.

ஆகவே இரு கடமைகளை நாம் வேறுபடுத்த வேண்டும். ஒருவரை ஏற்பதா மறுப்பதா என்று தீர்ப்பிடும் இடத்தில் நிறத்தைக் காணலாகாது. ஒருவருக்குப் பணிபுரியும் இடத்தில் அவரை அவராகவே காண வேண்டும். முன்னதில் கண்ணை மூடாதவர் ஓரவஞ்சனை செய்கிறார். பின்னதில் கண்ணைத் திறவாதவர் புறக்கணிப்புச் செய்கிறார். நிறம் தெரியாது என்று பெருமை கொள்ளும் கடை பல வேளைகளில் இந்த இரண்டாம் குற்றத்தில் விழுகிறது. தான் விழுந்ததையும் அறியாதிருக்கிறது.

இவ்விரண்டோடு மூன்றாவது ஒன்றும் உண்டு: பரிமாறுவது யார்? ‘பரிமாறுகிறவன் நம்மவனானால் கடைப்பந்தியில் இருந்தால் என்ன?’ என்பது நம் ஊர்ப் பேச்சு. அதன் மறுபக்கமே ஒதுக்கப்பட்டோரின் துயரம். திருத்தூதர் பணிகள் நூலின் 6ஆம் அதிகாரத்தை நாம் அறிவோம். எருசலேமின் இளந்திருச்சபையில், கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்தது. ‘நாங்கள் வேற்றுமை பார்ப்பதில்லை’ என்று திருத்தூதர்கள் மறுமொழி கூறவில்லை. பரிமாறும் பொறுப்பையே எழுவரிடம் ஒப்படைத்தனர். அவ்வெழுவர் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. முறையிட்டோர் கையிலேயே அகப்பை கொடுக்கப்பட்டது எனலாம்.

இக்காலத்திலும் அதையொத்த முயற்சி நடந்தது. 2020 மே மாதம் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் பிளாய்டு காவலர் ஒருவரால் கொல்லப்பட்ட பின்னர், ஆரோரா ஜேம்ஸ் என்னும் ஆடை வடிவமைப்பாளர், பெரிய கடைகள் தம் அடுக்குகளில் 15 விழுக்காட்டைக் கறுப்பினத்தார் நடத்தும் தொழில்களின் பொருள்களுக்கு ஒதுக்க வேண்டுமெனக் கோரினார். சில நிறுவனங்கள் இசைந்தன. அதே ஆண்டில் வேறு பல நிறுவனங்களும் இன நீதி குறித்து உரத்த வாக்குறுதிகள் அளித்தன. அரசியல் காற்று மாறிய 2025இல் அவற்றுட் சில தம் திட்டங்களைக் கைவிட்டன. சுவரில் மாட்டிய படத்தைக் கழற்றுவது எளிது. சுவருக்குள் வைத்துக் கட்டிய கல்லைக் கழற்றுவது எளிதன்று.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ‘நீதி பெறுவதற்கு ஒருவர் தம் பெயரையும் முகத்தையும் மறைக்க வேண்டுமா? அது அவருக்கு இழிவன்றோ?’ இது நேர்மையான கேள்வி. திரையிடுவது அவருடைய முகத்தில் குறை இருப்பதாலன்று. தீர்ப்பிடுவோரின் பார்வையில் குறை இருப்பதால். கால் முறிந்தவருக்கு ஊன்றுகோல் தருகிறோம். ஊன்றுகோலே கால் ஆகிவிடாது. தமிழர்களாகிய நமக்கு இது புதிதன்று. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரோடு சாதிப் பட்டம் சேர்ப்பதை விட்டுவிடத் தீர்மானித்தது. இன்று நம் பெயர்களில் பெரும்பாலும் பட்டம் இல்லை. அது பெரும் நன்மையே. ஆயினும் ‘தம்பிக்கு எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு?’ என்ற கேள்வி ஓயவில்லை. மறைத்தல் தொடக்கமே அன்றி முடிவன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

‘பெருநிறுவனங்களுக்கு இவை கூடும், சிறு கடைக்கு ஏது வசதி?’ என்பது மற்றொரு மறுப்பு. உண்மையில் சிறு கடைக்கே இது எளிது. ஆளெடுக்கும்போது விண்ணப்பத்தின் பெயரை மறைத்துவிட்டு, செய்து காட்டிய வேலையை முதலில் பார்ப்பதற்குச் செலவில்லை. பொருளைத் திருப்பித் தருவோருக்குப் பணம் திரும்பக் கிடைக்கும் விதியை எழுதி வைத்து எல்லாருக்கும் ஒன்றாக நடத்துவதற்குச் செலவில்லை. எழுதப்படாத விதியே ஆளுக்கேற்ப வளையும். ஆடையோ அணிகலனோ விற்பவர், வெளுத்த மேனியில் மட்டுமன்றிக் கருத்த மேனியிலும் அதை அணிவித்துப் படமெடுப்பதற்குச் சற்றே செலவாகலாம். ஆனால் வாங்குவோர் ஏமாறாமல் இருக்க அது வேண்டியதே. ஆண்டுக்கொரு முறை, யார் நம்மிடம் வந்தனர், யார் வாங்காமல் திரும்பினர், யாருடைய முறையீட்டுக்கு மறுமொழி தாமதமாயிற்று என்று கணக்குப் பார்ப்பது இன்னும் நன்று. இலாப நட்டத்துக்குக் கணக்கு எழுதும் நாம், மனிதருக்குக் கணக்கு எழுதத் தயங்குவது ஏன்?

டொராண்டோவிலும் இலண்டனிலும் நம் தமிழ்ப் பிள்ளைகள் இன்று கடை வைத்திருக்கின்றனர். தம் நிறத்தால் ஒதுக்கப்படுவதன் வலியைப் பலர் அறிந்தவர்கள். அவ்வலி தானாகவே ஒருவரை நீதிமான் ஆக்கிவிடாது. தம்மினும் கருத்தவரைத் தாமே ஒதுக்கும் ஆபத்து அவர்களுக்கும் உண்டு. எவர் கடை வைத்தாலும் கேள்வி ஒன்றே: நம் வாசலில் வந்து நிற்பவர், தாம் வரவேற்கப்பட்டதாக உணர்வதற்கு நம் நல்ல மனத்தை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறதா, அன்றி நாம் இல்லாத நாளிலும் அக்கடையின் நடைமுறையே அவரை வரவேற்குமா? இரண்டாவது நிலையை அடைய நாம் உழைப்போம். தீர்ப்பிடும்போது கண்ணை மூடவும், பணிபுரியும்போது கண்ணைத் திறக்கவும், அகப்பையைப் பிறர் கையிலும் கொடுக்கவும் கற்றுக்கொள்வோம்.