மளிகைக் கடையில் நன்றியும் நடுவுநிலைமையும்

திருக்குறளில் செய்ந்நன்றி அறிதல் பதினொன்றாம் அதிகாரம். நடுவு நிலைமை பன்னிரண்டாம் அதிகாரம். இவ்வடைவுக்குப் பரிமேலழகர் ஒரு காரணம் கூறுகிறார். நமக்கு நன்மை செய்தாரை நினைக்கும்பொழுது நம் நடுவுநிலைமை சிதைந்துபோகக் கூடும். அவ்விடத்தும் அது சிதைதல் ஆகாது என்பதற்காகவே நன்றியறிதலின் பின் அது வைக்கப்பட்டது என்பது அவர் கருத்து. இதனைப் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். தேர்வில் வரக்கூடியது, கோடிட்டுக் கொள்ளுங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். ஆயினும் அவ்விரண்டு அதிகாரங்களுக்கும் இடையில் நானே ஒருநாள் அகப்பட்டுக்கொள்வேன் என்று எண்ணியதில்லை. அகப்படுத்தியது கிள்ளானில் உள்ள ஒரு மளிகைக் கடை.

என் தந்தையார் இரயில்வேத் தொழிலாளி. சம்பளம் மாதம் ஒருமுறை. வயிறோ நாளுக்கு மூன்று முறை. இவ்விரண்டையும் இணைத்து வைத்தது 'மூன்று ஐந்து' புத்தகம். அட்டையில் 555 என்ற எண் பொறித்த, சட்டைப் பையில் அடங்கும் அந்தக் குறிப்புப் புத்தகத்தை இந்நாட்டில் ஒரு தலைமுறை நன்கறியும். அம்மா அதனை என் கையில் கொடுத்தனுப்புவார். கடைக்காரர் தூக்குக்கோலில் நிறுத்து, செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, எங்கள் புத்தகத்தில் ஒரு வரியும் தம் பேரேட்டில் ஒரு வரியும் எழுதுவார். அன்றைய நாளிதழை இலவசமாகப் படிக்கவும் அக்கடையே இடம். 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசனை நான் எழுத்துக்கூட்டிப் படித்தது அரிசி மூட்டையின்மேல் அமர்ந்துதான். கோயில் திருவிழா அறிவிப்பு, தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளைப் பதியும் நாள், யார் வீட்டில் மரணம், யாருக்குப் பெண் பார்க்கிறார்கள் என்பனவெல்லாம் அக்கடைச் சுவரிலோ கடைக்காரர் வாயிலோ கிடைத்துவிடும்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது தந்தையார் நோயில் விழுந்தார். வருவாய் பாதியாயிற்று. நான்கு மாதம் புத்தகத்தில் வரிகள் கூடினவே ஒழியக் கோடு விழவில்லை. ஒருநாள் அம்மாவே நேரில் சென்று, "அண்ணே, இந்த மாசமும்..." என்று தொடங்கினார். "புள்ளைங்க சாப்பிடட்டும்மா, அப்புறம் பார்க்கலாம்" என்று அவர் அடுத்த பொட்டலத்தைக் கட்டத் தொடங்கிவிட்டார். அவர் அதனை ஓர் அறச்செயலாகக் கருதியதாகவே தோன்றவில்லை.

அவர் சீனியிலும் பருப்பிலும் ஐந்து காசு கூட்டித்தான் விற்றார் என்பதையும் ஈண்டுச் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கு அது தெரியும். காத்திருப்பவருக்குக் காத்திருந்த கூலி என்று அம்மா கணக்கிட்டுக்கொண்டார். அது நியாயமான கணக்கு என்றே இன்றும் எண்ணுகிறேன்.

என் பாட்டிக்கு மட்டும் அந்தப் புத்தகத்தைக் கண்டால் ஆகாது. அவர் தோட்டத்தில் வளர்ந்தவர். பழைய இரப்பர்த் தோட்டங்களில் கங்காணியே கடை வைத்திருப்பதும், கடைக்காரரோடு அவர் பங்கு வைத்திருப்பதும் பல இடங்களில் வழக்கம். கடன் சம்பள நாளன்றே பிடிக்கப்படும். மிச்சத்திற்கு மறுநாள் மீண்டும் கடன். வேறு கடைக்குப் போகலாமென்றால் காட்டுவழியில் எத்தனையோ கல் நடக்க வேண்டும். ஊரிலிருந்து கப்பலேறி வந்த கடனோடு இக்கடனும் சேர்ந்து, ஆளைத் தோட்டத்தை விட்டு நகரவொட்டாமல் பிடித்து வைத்தது. கையால் எழுதிய கணக்கு, மாதத் தவணை, முகமறிந்த கடைக்காரர் என வெளித்தோற்றம் அனைத்தும் எங்கள் புத்தகத்தைப் போன்றதே. ஆயினும் ஒன்று நம்பிக்கை, மற்றொன்று விலங்கு. வேறுபாடு யாதெனில், எங்கள் தெருவில் மூன்று கடைகள் இருந்தன என்பதுதான். விட்டுப் போகக் கூடிய இடத்தில் காட்டப்படும் பரிவுக்கே நன்றி பொருந்தும். விட்டுப் போக முடியாத இடத்தில் நன்றியை எதிர்பார்ப்பது கணக்கில் இன்னொரு வட்டியைச் சேர்ப்பது. 1960-ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது பாட்டாளிகள் தம் சிறு ஊதியத்திலிருந்து சந்தா செலுத்தித் தோட்டங்களையே வாங்க முன்வந்தனர். கணக்கு நோட்டு ஒருமுறையேனும் தம் கையில் இருக்க வேண்டும் என்ற வேட்கையும் அதில் கலந்திருந்திருக்கும் என்று பாட்டியின் முகத்தை நினைத்துச் சொல்கிறேன்.

நான் ஆசிரியரானேன், கார் வாங்கினேன், பேரங்காடிக்குப் போகத் தொடங்கினேன். அங்கே விலை குறைவு. எல்லாருக்கும் ஒரே விலை. எழுதி ஒட்டிய விலை. எடையை இயந்திரம் காட்டும். இதனை இழிவாகப் பேசுவது எழுத்தாளர்களிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. முகத்தைப் பார்த்து விலை சொல்லாத கடையில் ஒருவகை நடுவுநிலைமை இருக்கத்தான் செய்கிறது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் அதன் 'பயனீட்டாளர் குரல்' இதழும் எடையைப் பார், தேதியைப் பார், இரசீதைக் கேள் என்று நமக்குக் கற்றுக்கொடுத்தன. கேட்பது உரிமை, கூச்சப்படத் தேவையில்லை என்று ஏழைக் குடும்பங்கள் அறிந்துகொண்டது சிறிய செய்தியன்று.

ஆனால் பழைய கடைக்கு எதிர்ப்புறமாக நடந்து செல்வதையும் நான் அப்போதுதான் கற்றுக்கொண்டேன். கையில் பேரங்காடிப் பை இருக்கும், கடைக்காரர் பார்ப்பார், தலையசைப்பார். அவர் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. அவர் காலமானபோது இறுதிச் சடங்கிற்குப் போனேன். கடைக்குப் போகவில்லை.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. பின்னர் வீட்டுக்கு ஒருவர்தாம் வெளியே செல்லலாம், அதுவும் பத்துக் கிலோமீட்டருக்குள் என்று ஆயிற்று. பேரங்காடி வாசலில் நீண்ட வரிசை, எனக்கோ முதுமை, நெஞ்சில் பழைய நோய். மூன்றாம் நாள் தொலைபேசி மணி அடித்தது. கடைக்காரரின் மகன். "சார், என்ன வேணும்னு சொல்லுங்க, வாசல்ல வச்சிட்டுப் போறோம்" என்றார். அரிசி, பருப்பு, பால்மாவு வந்தன. எப்போது முடியுமோ அப்போது பணம் தந்தால் போதும் என்று ஒரு சீட்டும் இருந்தது.

1776-இல் வெளிவந்த நூலில் ஆடம் சுமித் என்னும் பொருளியலறிஞர், கறிக்கடைக்காரரும் ரொட்டி சுடுபவரும் நமக்கு உணவளிப்பது நம்மீதுள்ள அன்பினால் அன்று, தம் நலனைக் கருதியே என்று எழுதினார். அந்த மகனும் விற்கத்தான் செய்தார். நான் இழந்துபோன வாடிக்கையாளன், மீட்கத்தக்கவன். இதனை அவரே மறுக்கமாட்டார். எனினும் தெருவில் பணம் மிகுதியாகச் செலவழிக்கும் வீடுகள் பல இருக்க, முதியவர்கள் தனித்திருக்கும் வீடுகளையே அவர் முதலில் அழைத்திருக்கிறார். தன்னலமும் பரிவும் ஒரே பையில் வந்தன. பிரித்தெடுக்க எனக்குத் தெரியவில்லை. பிரித்தாக வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அன்று முதல் அக்கடைக்கே செல்கிறேன். கதை இத்துடன் முடிந்திருந்தால் பதினொன்றாம் அதிகாரத்தோடு நின்றிருப்பேன்.

மூட்டைகளைக் கொண்டுவந்து வைத்த இளைஞர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் ஒரு மாலை பேச்சுக் கொடுத்தேன். காலை ஏழு மணி முதல் இரவு பத்து வரை வேலை, ஓய்வு நாள் இல்லை, கடவுச்சீட்டு முதலாளியிடம். அவர் இதனைக் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னார். பிறர் கடவுச்சீட்டைத் தக்க அதிகாரமின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம் என்பது எனக்குத் தெரியும். என் பாட்டி கதை அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். விட்டுப் போக முடியாதவர் மீண்டும் ஒருவர், அதே கடையில், எனக்கு அரிசி சுமந்து வந்திருக்கிறார்!

மூன்று மாதம் வாய் திறக்கவில்லை. காரணங்கள் எளிதில் கிடைத்தன. நமக்குச் சோறு போட்டவர்; சிறு வணிகர்; ஆள் ஓடிவிட்டால் அரசுக்குக் கட்டிய ஆண்டுத் தீர்வை வீண். பரிமேலழகர் அஞ்சிய சிதைவு இதுதான். அது பெரிய மன்றத்திலோ அரசவையிலோ நிகழும் என்று நான் வகுப்பில் விளக்கியிருந்தேன். பருப்பு வாங்கும் இடத்தில் நிகழும் என்று விளக்கவில்லை.

ஒருநாள் கேட்டேன். மகன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சார், இத்தனை வருஷம் அந்தப் பெரிய கடையில வாங்குனீங்களே, அங்க இதை யார்கிட்டக் கேட்டீங்க?" என்றார்.

கேட்கவில்லை. அங்கும் அலமாரிகளை அடுக்குபவர்களில் அயல்நாட்டுத் தொழிலாளர் பலர். ஆனால் கேட்பதற்கு அங்கே ஒரு முகம் இல்லை; முகம் இல்லாததே எனக்கு வசதியாயிருந்தது. அண்டைக் கடையின் பெருமையாக நாம் பேசுவது கடைக்காரர் நம்மை அறிவார் என்பதை. அறிமுகம் இருபுறமும் வெட்டும் கத்தி என்பதை அன்று உணர்ந்தேன். அவர் என் வறுமையை அறிந்து பொறுத்தார் எனில், நான் அவர் குற்றத்தை அறிந்து சொல்லவும் கடமைப்பட்டவனாகிறேன். கடையை மாற்றிக்கொண்டு தப்பித்திருக்கலாம். அதனால் அந்த இளைஞருக்கு ஒரு மணி நேர ஓய்வும் கூடியிராது.

இங்கே வேறொரு குரலையும் கருத வேண்டும். ஒவ்வொரு தீபாவளிப் பருவத்திலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்சிலும் கூடாரங்கள் எழும்போது, 'தமிழர் தமிழர் கடையிலேயே வாங்குக' என்ற வேண்டுகோள் எழுகிறது. அயல்நாட்டு வணிகர் வந்து இடம்பிடிக்கின்றனர் என்ற மனக்குறையும் உடன் எழுகிறது. குறையில் உண்மை உண்டு. ஆண்டு முழுதும் வாடகை கொடுத்துக் கடை நடத்துபவருக்கு அந்தச் சில வாரங்களே அறுவடைக் காலம். பிரிக்பீல்ட்சைப் பாருங்கள். செங்கற் சூளைகளால் பெயர்பெற்று, இரயில்வேத் தொழிலாளரால் நிறைந்த ஊர் அது. 2001-இல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் அங்கே திறக்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டு அக்டோபர் 27-இல் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் இருவரும் சேர்ந்து அதன் 'லிட்டில் இந்தியா'வைத் திறந்துவைத்தனர். வளைவுகளும் வண்ணங்களும் வந்தன. பழைய இரயில்வேக் குடியிருப்புகள் பல இடிக்கப்பட்டன. மாதச் சம்பளம் வாங்கி, ஒரே வீட்டில் இருபது ஆண்டு குடியிருந்த மனிதர்களை நம்பியே கடன் புத்தகம் வாழ்ந்தது. அவர்கள் சிதறியபின் யாரை நம்பி யார் எழுதுவது?

என்றாலும் இனத்தின் பெயரால் வாங்கச் சொல்லும் வேண்டுகோளை என்னால் முழுதும் ஏற்க இயலவில்லை. என் மாமன் வாழ்ந்த தோட்டத்தை அடுத்த சிற்றூரில் கடன் கொடுத்தவர் ஒரு சீனக் கடைக்காரர். தமிழில் எண்களைச் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தார். மாமியின் பிரசவத்தின்போது கணக்கில் எழுதாமல் நல்லெண்ணெய் கொடுத்தனுப்பினார். அக்குடும்பம் யாருக்குக் கடன்பட்டது? நம்பியவருக்கு. தமிழ் பேசும் கடையில் ஒரு தமிழ் இளைஞரின் கடவுச்சீட்டு பூட்டிக் கிடந்தது. மொழி ஒன்றாயிருந்ததால் அப்பூட்டு தளர்ந்துவிடவில்லை.

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும்போது, வாங்குகையில் மிகுதியாக எடுத்தலும் கொடுக்கையில் குறைத்தலும் இல்லாதவர் என்கிறது. வள்ளுவரும் வணிகர்க்குரிய அறத்தை நடுவுநிலைமை அதிகாரத்திலேயே வைத்தார், பொருட்பாலில் வைக்கவில்லை. இரண்டிடத்தும் பேசப்படுபவர் வணிகர். கையில் காசோடு நிற்பவனுக்கு அறம் உண்டா என்ற வினாவை மாணவர்கள் என்னிடம் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. இப்பொழுது கேட்டால் இவ்வாறு சொல்வேன்: என் காசை எங்கே செலவிடுவது என்பதில் நன்றிக்கு இடம் கொடுக்கலாம், ஐந்து காசு கூடினாலும் அது என் காசு. பிறர் ஓய்வையும் பிறர் கடவுச்சீட்டையும் என் நன்றிக்கு விலையாகக் கொடுக்க எனக்கு உரிமையில்லை. அவை என்னுடையவை அல்ல.

கடவுச்சீட்டு இப்போது அந்த இளைஞரிடமே இருக்கிறது என்கிறார் மகன். இளைஞரும் ஆம் என்கிறார். ஆனால் முதலாளி அருகில் நிற்கும்போதுதான் அவ்வாறு சொல்லக் கேட்டிருக்கிறேன். ஞாயிறு பிற்பகலில் அவர் கடையில் இருப்பதில்லை. அதனை என் கண்ணால் பார்க்கிறேன்.

சென்ற ஆண்டு அம்மாவின் பெட்டியைத் துழாவும்போது கடைசி 'மூன்று ஐந்து' புத்தகம் கிடைத்தது. இறுதிப் பக்கத்தில் 37 வெள்ளி 40 காசு. மேலே கோடு இல்லை. அம்மா தீர்க்காமல் விட்டார்களா, தீர்த்தபின் கோடிட மறந்தார்களா, சொல்ல இருவருமே இல்லை. புத்தகத்தையும் பணத்தையும் கடைக்குக் கொண்டுபோனேன். மகன் தம் தந்தையின் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். புத்தகத்தைத் தாம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பணம் வேண்டாமென்றார், நான் எடுத்துக்கொள்ள மறுத்தேன். பிறகு கணினியில் இதனை எந்தப் பொருளின்பேரில் பதிவது என்று இருவருக்கும் விளங்கவில்லை. கடைசியில் அரிசி என்று பதிந்து இரசீது கொடுத்தார்.