இரத்தம் நின்ற பிறகு கேட்க வேண்டியது

காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரவு பதினோரு மணிக்கு ஒருவரைச் சிதம்பரத்துக்குக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது வயதுக்குள் இருக்கும். நடவு, அறுப்பு என்று குனிந்தே கிடந்த இடுப்புக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கியவர். இரண்டு நாளாக மலம் தார் மாதிரி கறுத்துப் போயிற்று. உடம்புச் சூடு என்று நினைத்து மோர் குடித்திருக்கிறார். இன்று இரத்த வாந்தி. 108 வண்டியிலிருந்து இறக்கும்போதே கை ஜில்லிட்டிருக்கிறது. டிரிப்ஸ் ஏறுகிறது, இரத்த வகை பார்க்க ஓடுகிறார்கள், எண்டோஸ்கோபி பார்க்க வேண்டும் என்கிறார்கள். அந்த நேரத்தில் மனைவியின் கையில் நாலு பக்கத் தாள் ஒன்று வந்து சேர்கிறது. இரத்தப்போக்கை ஒரு மருந்து குறைக்குமா என்று ஆய்வு நடக்கிறது, சேர விருப்பமா?

"எங்க வைக்கணும்னு காட்டுங்க சார், வைக்கிறேன். அவரக் காப்பாத்துங்க."

கட்டைவிரலில் மை. வைத்துவிட்டு முந்தானையில் துடைத்துக்கொள்கிறார். இதைச் சம்மதம் என்று சொல்லலாமா?

சட்டக் கண்ணில் பெரும்பாலும் சொல்லலாம். 2019-ல் வந்த புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகளின்படி, நோயாளியால் முடியாதபோது சட்டம் ஏற்கும் உறவினர் ஒப்புதல் தரலாம். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மறுத்தால் சிகிச்சை குறையக் கூடாது. ஆய்வால் கெடுதல் நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எல்லாம் நல்ல விதிகள்தான். ஆனால் பணமில்லாத கடலூர் மாவட்டத்துக்காரருக்கு இந்த நோயோடு ஓட எத்தனை இடம் இருக்கிறது? மஞ்சக்குப்பத்துத் தலைமை மருத்துவமனை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திடமிருந்து 2021-ல் சுகாதாரத் துறையின் கைக்கு வந்த சிதம்பரம் மருத்துவக் கல்லூரி. அங்கேயும் முடியாவிட்டால், 'ஜிப்மருக்கு எழுதிட்டாங்க'. வேறு வாசல் இல்லாதவர் மறுக்கலாம் என்று தாளில் எழுதியிருப்பதை நம்பி மறுப்பாரா? டாக்டர் முகம் சுளித்துவிடுவாரோ என்ற பயத்துக்கு எந்த விதியிலும் மருந்தில்லை.

'நம்மள வச்சு சோதனை பண்றாங்க' என்ற பேச்சும் சும்மா வந்ததல்ல. திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையத்தில் நோயாளிகளுக்குச் சரியாக விளக்காமலே சோதனை மருந்து செலுத்தியதாக 2001-ல் வெடித்த சர்ச்சை இன்னும் பலருக்கு நினைவிருக்கும்.

அப்படியானால் சேராமல் இருப்பதுதான் பாதுகாப்பா? இங்கேதான் விஷயம் புரண்டு படுக்கிறது. டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்தையே எடுத்துக்கொள்வோம். 1960-களில் ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதி கண்டுபிடித்தது, விலை மலிவு, மாதவிடாயில் அதிகம் இரத்தம் போகும் பெண்களுக்கு வழக்கமாகக் கொடுப்பது. விபத்தில் அடிபட்டு இரத்தம் போகிறவர்களின் உயிரை அது காக்கிறது என்று 2010-ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. வயிற்றுக்குள் கசியும் இரத்தத்துக்கும் உதவும் என்றுதான் சிறுசிறு ஆய்வுகள் சொல்லின. டாக்டர்கள் பலர் நம்பிப் போட்டார்கள். பிறகு அதைச் சோதிக்க ஹால்ட்-இட் என்ற ஆய்வு வந்தது. பாகிஸ்தான், நேபாளம், நைஜீரியா, எகிப்து, பிரிட்டன் உட்பட 15 நாடுகள், 164 மருத்துவமனைகள், 12,009 நோயாளிகள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். 2020-ல் வந்த முடிவு: ஐந்து நாளுக்குள் இரத்தப்போக்கால் இறந்தவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய சமம், நூற்றுக்கு நாலு பேர். ஆனால் சிரைகளில் இரத்தம் கட்டி அடைத்தது மருந்துப் பக்கத்தில் 48 பேருக்கு, உப்புநீர்ப் பக்கத்தில் 26 பேருக்கு.

ஆய்வில் சேராமல், நல்லெண்ணத்தோடு அந்த மருந்தைப் போட்டுக்கொண்டவர்களும் சோதனைக்கு ஆளானவர்களே. ஒரே வித்தியாசம், அவர்கள் கணக்கை யாரும் எழுதிவைக்கவில்லை. காத்மாண்டுக்காரரோ கராச்சிக்காரரோ கையெழுத்துப் போட்டுத் தந்த அறிவு இன்று சிதம்பரத்து வார்டிலும் ஒரு வீண் ஊசியைத் தடுக்கிறது. நம் பக்கத்திலிருந்தும் இப்படிக் கொடுத்திருக்கிறோம். காசநோய்க்காரரை சானடோரியத்தில் வைத்தால்தான் தேறுவார் என்று உலகம் நம்பிய காலத்தில், சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைப் பாதிப்பாதியாகப் பிரித்துப் பார்த்து, வீட்டில் இருந்தபடியே மருந்து தின்றாலும் குணமாகிறது என்று 1959-ல் காட்டினார்கள். வாங்குவது மட்டும் போதும், கொடுப்பது அடுத்தவன் வேலை என்பது நியாயமாகப் படவில்லை.

ஆனாலும் அந்தக் கடமையை இரவு பதினோரு மணிக்கு அந்தப் பெண்ணின் தலையில் ஏற்ற முடியாது. பாரம் கேட்பவர் மேல்தான். முதலில் மொழி. 'தன்னிச்சை ஒதுக்கீடு', 'மருந்துப்போலி' என்று அச்சடித்த தாள் யாருக்காக? சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி, உங்கள் வீட்டுக்காரருக்கு மருந்தும் வரலாம், உப்புத்தண்ணியும் வரலாம், எது வந்தாலும் மற்ற வைத்தியம் எல்லாம் நடக்கும், வேண்டாம் என்றாலும் நடக்கும் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். கேட்பவர் சிகிச்சை செய்யும் டாக்டராக இல்லாமல் வேறொருவராக இருந்தால் இன்னும் நல்லது.

அதைவிட முக்கியம், மறுபடி கேட்பது. உயிர் ஊசலாடும்போது உறவினரிடம் வாங்கிய ஒப்புதல் கைமாற்று மாதிரி. ஒப்புதலுக்கு உரியவர் எழுந்து உட்கார்ந்ததும் அவரிடம் நேர் செய்தாக வேண்டும். ஹால்ட்-இட் ஆய்விலும் இந்த ஏற்பாடு இருந்தது. மூன்றாம் நாள் காலை, கஞ்சி குடித்துவிட்டுச் சாய்ந்திருக்கிற மனிதரிடம் போய், இன்னின்னது நடந்தது, இனி தொடரலாமா, விலகுகிறீர்களா என்று கேட்க வேண்டும். விலகுகிறேன் என்று சொன்னால் முகம் மாறாமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

அவர் அநேகமாக வேறொன்றைத்தான் கேட்பார். "எனக்கு மருந்து வந்துச்சா, தண்ணி வந்துச்சா?" அது அன்றைக்கு அந்த வார்டில் யாருக்கும் தெரியாது, தெரியக் கூடாது என்பதுதான் ஆய்வின் ஏற்பாடு. முடிவு வரச் சில வருஷம் ஆகும். படிவத்தில் அவருடைய ஊர், தெரு, போன் நம்பர் எல்லாம் இருக்கிறது.